கம்ப்யூட்டரில் மட்டும் நின்ற வீடு

போன வருடம் ஜனவரி மாதம், வீட்டு வாசல்களில் தொங்கிய கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களை ஒவ்வொருவராகக் கழற்றிக்கொண்டிருந்த நாட்கள். கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையில், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து கொடுக்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு மதியம், வெயிலில் கறுத்துப்போன ஒரு ஆள் உள்ளே வந்து மொபைலை நீட்டினார். கல்ஃப் விசா. இரண்டு காப்பி வேண்டும் என்று மலையாளத்தில் கேட்டார். பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, என் மேஜைக்குப் பின்னால் ஒட்டியிருந்த கார் பந்தய கேம் போஸ்டரைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சட்டென்று தமிழுக்கு மாறினார்.

"எலே, நீ இன்னும் இந்த விளையாட்ட விடலியா?"

குரல்தான் முதலில் பிடிபட்டது. முகத்தை அப்புறம்தான் கண்டுபிடித்தேன். பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன். பொழியூர்க்காரன், மீன்பிடிக் குடும்பம். பார்த்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கல்ஃபில் படகு வேலைக்குப் போனான் என்று கேள்விப்பட்டதோடு சரி. திரும்பி வந்து ஒரு வருடம் ஆகிறதாம். பைபர் வள்ளம் ஒன்று வாங்கி இங்கேயே கடலுக்குப் போய்ப் பார்த்திருக்கிறான். மீன் கிடைக்கவில்லை. மறுபடியும் விசா எடுத்துவிட்டான்.

"இனி மூணு வாரம் உண்டு மக்கா. பொறவு பிளேன் ஏறணும். வீட்டுக்காரி எங்கிட்ட பேசியே நாலு நாளாச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் விசா காகிதத்தை மடித்த கை அவ்வளவு சந்தோஷமாக மடிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குன்னத்துகாலில் இருக்கும் என் வீட்டுக்கு வா, மதியம் சாப்பிடலாம் என்று கூப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், சாப்பாடு ஒரு சாக்குதான். என் கம்ப்யூட்டரை அவனுக்குக் காட்ட வேண்டும்.

அதற்குக் காரணம் உண்டு. என்னை இந்தப் பைத்தியத்தில் இறக்கிவிட்டது ஒரு டிவி கேம். என் சித்தப்பா கல்ஃபிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. கேசட்டை உள்ளே சொருகி, படம் வராவிட்டால் கழற்றி வாயால் ஊதி, மறுபடியும் சொருக வேண்டும். சனிக்கிழமைதோறும் இவன் பொழியூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவான். ஒரு விளையாட்டில் ஓடிக்கொண்டே ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். நாங்கள் எல்லோரும் பள்ளத்தில் விழுந்து செத்துக்கொண்டிருப்போம். இவன் மட்டும் விழவே மாட்டான். எப்படிடா என்று கேட்டால், "பொறவுக்கு மலை நிக்குது பாரு, முன்ன மரம் நிக்குது. மரம் மலைக்க நடுவுல வருதப்பம் அமுக்கு. அவ்வளவுதான்" என்பான். எங்களுக்கு மலையும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. பீலா விடுகிறான் என்று நினைத்தோம்.

பிறகு அவன் கடலுக்குப் போனான், நான் கேமோடு நின்றுவிட்டேன். முதல் கம்ப்யூட்டரை நெய்யாற்றின்கரையில் அசெம்பிள் செய்து, மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கொண்டுவந்தது நேற்று நடந்தது போல இருக்கிறது. வழியில் ஒவ்வொரு குழிக்கும் டிரைவரைத் திட்டினேன். அப்போது ஒரு கேம் என்பது பதினொரு பிளாப்பி. பத்துப் பிளாப்பி ஒழுங்காக ஏறி, பதினொன்றாவதில் நின்றுவிடும். அதற்கப்புறம் சிடி வந்தது. இன்டர்நெட் வந்தது, அம்மா பக்கத்து அறையில் போன் ரிசீவரை எடுத்தால் அறுந்துபோகும் இன்டர்நெட். ஒவ்வொரு முறையும் 'இதற்கு மேல் என்ன வந்துவிடப் போகிறது' என்று நினைப்பேன். ஒவ்வொரு முறையும் வாயைப் பிளப்பேன்.

இப்போது என்னிடம் இருப்பது ஒரு பிளேன் ஓட்டும் கேம். உலகம் மொத்தமும் அதற்குள் இருக்கிறது. கற்பனை உலகம் இல்லை, சாட்டிலைட் எடுத்த படங்களை வைத்துச் செய்த நம் உலகம். மலை இருக்கும் இடத்தில் மலை, ஆறு வளையும் இடத்தில் ஆறு. வெளியே மழை பெய்தால் கேமிலும் குன்னத்துகாலில் மழை பெய்யும். துணி காயப்போடும் என் மனைவி மழை வருமா என்று கேட்டால், ஜன்னலைப் பார்க்காமல் மானிட்டரைப் பார்த்துப் பதில் சொல்வேன். "பிள்ளைகளுக்குக் கல்யாண வயசு வந்தாச்சு, இவரு பிளேன் ஓட்டுதாரு" என்பது வீட்டுக்கு வருபவர்களிடம் அவள் சொல்லும் முதல் வரி. அன்றும் என் நண்பனிடம் அதையே சொல்லிவிட்டுத்தான் சோறு பரிமாறினாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவனை மானிட்டர் முன் உட்கார வைத்தேன். திருவனந்தபுரத்தில் பிளேனை எடுத்து, கடலோரமாகவே தெற்கே விட்டேன். விழிஞ்ஞம் வந்தது. பூவாறு வந்தது, ஆறு கடலில் சேரும் இடம் வந்தது. "தம்புரானே" என்றான். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதோ ஒனக்க ஊரு என்று பெருமையாகப் பொழியூரின் மேல் பிளேனைத் தாழ்த்தினேன்.

அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"எலே... இது கடல் கொண்டுபோன கரையாக்கும். இப்பம் இஞ்ச வெள்ளம்லா கெடக்கு."

படத்தில் அகலமாக மணல் கிடந்தது. மணலின் மேல் வரிசையாக வீடுகள். அந்தப் பகுதியின் சாட்டிலைட் படம் பழையது, கடல் ஏறுவதற்கு முன்னால் எடுத்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கல்ஃபில் இருந்தபோது வீட்டைக் கடல் எடுத்துக்கொண்டது, மனைவியும் பிள்ளைகளும் இப்போது உள்ளே தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள் என்று பாதிச் சோற்றில்தான் சொல்லியிருந்தான். அதைக் கேட்ட பிறகும் நான் என் பெருமைக்காக அங்கேயே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். கூசிப்போனேன். மன்னிச்சுக்கோ என்று பிளேனைத் திருப்பப் போனேன்.

அவன் என் கையைப் பிடித்துத் தடுத்தான். கதவுப் பக்கம் பார்த்தான். என் மனைவி அடுக்களையில் இருக்கிறாள் என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"இத கடல்ல இருந்து பாக்க ஒக்குமா?"

முடியும், ஏன் என்று கேட்டேன். யாரிடமும் வாய் திறக்கமாட்டேன் என்று பைபிளில் கை வைக்காத குறையாக என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். அப்புறம்தான் சொன்னான்.

கடலுக்கு அடியில் அங்கங்கே பாறைத் திட்டுகள் உண்டு. அவற்றைப் பார் என்பார்கள். மீன் அங்கேதான் கூடும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர், பார் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கரையைப் பார்த்துத்தான். முன்னால் ஒரு அடையாளம், அதற்கு நேர் பின்னால் ஒரு மலை. இரண்டும் ஒரே கோட்டில் வர வேண்டும். வேறு பக்கம் பார்த்தால் இன்னொரு அடையாளமும் இன்னொரு மலையும் அதேபோல ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் ஒன்றாகச் சேருகிற இடத்தில் வள்ளம் நின்றால் அடியில் பார். இதற்குக் கணிச்சம் என்று பெயர். ஒருவன் கண்டுபிடித்த பாரின் கணிச்சத்தை இன்னொருவனுக்குச் சொல்லமாட்டான். இவனுடைய அப்பா ஒரு பார் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு கணிச்சம் சர்ச் கோபுரமும் ஒரு மலையும். அது இன்றும் நிற்கிறது. மற்றது அவர்கள் வீட்டுக் கூரையும் அதற்குப் பின்னால் தெரியும் ஒரு மலை இடுக்கும். அப்பா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. வீடும் போய்விட்டது. ஒரு கோடு மட்டும் கையில் இருக்கிறது. ஒரு கோட்டை வைத்துக்கொண்டு கடலில் எங்கே என்று நிற்பது?

"ஜிபிஎஸ்ல குறிச்சு வச்சிருக்கலாமே" என்று கேட்டேன்.

"லீவுக்கு வந்தப்பம் எத்தன தடவ அங்க போய் மீன் புடிச்சேன் தெரியுமா? குறிக்கணும்ணு தோணல. வீடு எங்க மக்கா போவப் போவுதுண்ணு இருந்தேன்."

பள்ளத்தைத் தாண்டிய அந்தப் பையன் மனதில் வந்தான். பொறவுக்கு மலை, முன்ன மரம். அது பீலா இல்லை. அவன் அப்பாவோடு கடலில் பார்த்ததை அப்படியே எங்கள் டிவியில் பார்த்திருக்கிறான். முப்பது வருடம் கழித்து எனக்கு அது புரிந்தது.

எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. இந்த கேமில் ஏதாவது ஓர் இடத்தின் மேல் அடையாளம் நட்டு வைக்கலாம். எவ்வளவு தூரம் போனாலும் கொடிக்கம்பம் போல அது தெரியும். வீட்டின் மேல் அதை நட்டுவிட்டுக் கடலுக்குள் போய்த் திரும்பிப் பார்த்தால் போதும். ஆனால் எந்தக் கூரை? மேலிருந்து பார்த்தால் எல்லாம் நகத்தளவு சதுரங்கள். அவன் மானிட்டரில் மூக்கு இடிக்கப் பார்த்தான்.

"எனக்க வீட்ட நான் மேல இருந்து பாத்ததே இல்லயே" என்றான்.

நான்தான் தீர்ப்புச் சொன்னேன். பள்ளிக்கூட நாட்களில் அந்த வீட்டில் சாளை மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறேன்! ஓட்டு வீடு. வரிசையில் சிவப்பாக ஒரே ஒரு ஓட்டுக்கூரைதான் தெரிந்தது. "இதுதாண்டா" என்று அடித்துச் சொன்னேன். அவனும் "ஓடுதானே, செரிதான்" என்றான். அடையாளத்தை நட்டேன். பிளேனை விட்டு இறங்கி வெறும் கேமராவை மட்டும் பறக்கவிடும் வசதி இருக்கிறது. அதைக் கடல் மட்டத்துக்கு, வள்ளத்தில் ஒரு ஆள் எழுந்து நின்றால் கண் இருக்கும் உயரத்துக்குக் கொண்டுவந்தேன்.

அப்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மலைகள் வரிசையாக வந்து நின்றன. இவன் ஒவ்வொன்றையும் வீட்டு ஆட்களைப் போலக் கூப்பிட்டான். கோபுரம்தான் கேமில் வெறும் பெட்டியாக இருந்தது. "சிலுவைய எங்கடே விட்டாங்க?" என்று சிரித்தான். ஆனால் மலைகளில் ஒரு இடுக்குக்கூடத் தப்பவில்லை. கொஞ்சம் வடக்க போ, போதும், இன்னும் உள்ள போ, பைய, பைய என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் வள்ளம் ஓட்டுகிறவன் போல ஓட்டினேன். ஒரு இடத்தில் "நில்லு" என்றான். இரண்டு கோடும் சேர்ந்திருந்தன. திரையின் மூலையில் தெரிந்த ஜிபிஎஸ் இட எண்களைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனான்.

மூன்று நாள் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது.

"சகதியாக்கும் மக்கா. தூண்டில்ல ஈயத்தக் கெட்டிப் போட்டா சகதிலதான் போய் குத்துது, பார காணல. சுத்திச் சுத்தித் தேடியாச்சு. போட்டும், ஒனக்க கேமு கேமுதான்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து அப்பா, வாத்தியார், சொந்தக்காரர்கள், மனைவி என்று எல்லோரும் சொன்ன அதே வார்த்தை. இத்தனை வருடத்தில் முதல் முறையாக ஒரு மனிதனுக்கு உபயோகமாக ஏதோ செய்கிறோம் என்று நம்பியிருந்தேன். அன்று முழுவதும் கடைக்கு வந்தவர்களிடம் எரிந்து விழுந்தேன். அவன் புறப்பட இரண்டு வாரம்கூட இல்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள். தெருவுக்கு அந்தப் பக்கம் என் நண்பன் பைக்கில் உட்கார்ந்து வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி.

"அண்ணா, எங்க வீடு ஒங்க கம்ப்யூட்டர்ல நிக்குதுண்ணு இவரு சொன்னாரு. எனக்கு ஒருக்கா பாக்கணும்."

கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். என் வீட்டில் அவள் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தாள். என் மனைவி அவளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அத்தனை வருடத்தில் அவள் அந்த அறையில் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. என் நண்பன் உள்ளே வரமாட்டேன் என்று முற்றத்தில் பைக்கின் மேலேயே இருந்தான். நான் பொழியூருக்கு மேலே போய், நட்டு வைத்திருந்த அடையாளத்தைக் காட்டி, இதோ ஒங்க வீடு என்றேன்.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இது எங்க வீடில்ல அண்ணா. இது இவருக்க பெரியப்பா மகனுக்க வீடு. எங்களுக்குள்ளது இந்தா நிக்குது."

நாலு கூரை தள்ளி ஒரு சாம்பல் நிறச் சதுரத்தின் மேல் விரலை வைத்தாள். அந்தச் சாம்பல் நிறத்தின் ஒரு மூலையில் அரிசி அளவுக்கு நீலமாக ஏதோ இருந்தது. பெரிதாக்கினேன். நீலம் நன்றாகத் தெரிந்தது.

"தார்ப்பாயாக்கும். நான்தான் கெட்டினேன்" என்றாள்.

ஓடு இல்லையே என்று கேட்டேன். அவன் கடைசியாக லீவு முடிந்து போன அடுத்த வருடம், ஒரு பெருங்காற்றில் ஓடெல்லாம் பறந்துவிட்டதாம். அவன் அனுப்பியதில் மிச்சம் பிடித்து ஷீட் போட்டிருக்கிறாள். அடுக்களைப் பக்கம் ஷீட் போதவில்லை. பக்கத்து வீட்டு ஏணியை வாங்கி, தானே மேலே ஏறி, நீலத் தார்ப்பாயைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறாள். அதற்கு அடுத்த மழைக்கு வீடே போய்விட்டது. அந்த ஒரு வருடத்துக்குள் எப்போதோ ஒரு நாள், மேகம் இல்லாத ஒரு நேரத்தில், மேலே போன சாட்டிலைட் அந்தத் தார்ப்பாயைப் படம் எடுத்திருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தால் கதவருகில் என் நண்பன் நின்றிருந்தான். எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை.

"ஓடு போனத எங்கிட்ட சொல்லலியே?"

"சொன்னா என்ன செய்வீங்க? அங்க இருந்து வந்து ஓடு மாத்துவீங்களா?" அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்க கெடந்து ஒறக்கம் இல்லாம கஷ்டப்படுவீங்க. அதான் சொல்லல."

அவன் அவளுக்குப் பின்னால் வந்து நின்று அந்த நீலத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். என் மனைவி எனக்குக் கண்ணைக் காட்டினாள். இருவரும் அடுக்களைக்குப் போய், யாரும் கேட்காத காப்பியைப் போட்டோம். நாங்கள் திரும்பி வந்தபோது அவர்கள் இரண்டு பேரும் ஒரே நாற்காலியைப் பகிர்ந்து உட்கார்ந்து, எந்த வீடு யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாதது போய், அத்தனை நாளுக்கும் சேர்த்துப் பேச்சு. அடையாளத்தைப் பிடுங்கித் தார்ப்பாயின் மேல் நட்டேன். மறுபடியும் கடலுக்குள் போய்த் திரும்பினோம். இந்த முறை எண்கள் கொஞ்சம் மாறியிருந்தன, கொஞ்சமே கொஞ்சம். கடலுக்கு அந்தக் கொஞ்சம் போதும் போலிருக்கிறது.

"நீயும் வா. ஒனக்க கேமு எங்க கொண்டு விடுதுண்ணு நீயே வந்து பாரு" என்றான்.

திங்கட்கிழமை விடிந்ததும் போனோம். கேமில் எத்தனையோ கப்பல் ஓட்டியிருக்கிறேன். நிஜ வள்ளத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. கரை கண்ணுக்குத் தெரியும்போதே குடல் வெளியே வந்துவிட்டது. அவனும், கூட வந்த அவன் மச்சானும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மச்சானுக்கு இடம் தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக என் மொபைலை என் சட்டைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு, இடது, வலது என்று கைச்சாடை காட்டிக்கொண்டே போனேன். வாந்தி எடுப்பதும் வழி காட்டுவதுமாக இரண்டு வேலை.

எண்கள் சேர்ந்த இடத்தில் கையைத் தூக்கினேன். அவன் எஞ்சினை அணைத்தான். எழுந்து நின்று கோபுரத்தைப் பார்த்தான். அப்புறம் திரும்பி, இப்போது வெறும் தண்ணீரும் கடல் சுவருக்குப் போட்ட கல்லும் மட்டுமே இருக்கும் இடத்தைப் பார்த்தான். அதற்கு நேர் பின்னால், காலை வெயிலில் சுத்தமாகத் தெரிந்தது மலை இடுக்கு. எந்த மலை, எந்தக் கோபுரம் என்று நான் எழுதமாட்டேன். சத்தியம் சத்தியம்தான். ஆனால் என் உடம்பு சிலிர்த்ததை எழுதலாம். என் வீட்டு அறையில் உட்கார்ந்து நான் பார்த்த அதே காட்சி, அதே அளவில், அதே இடத்தில் என் முன்னால் நின்றது. ஊதினால் மட்டும் ஓடும் கேசட்டில் ஆரம்பித்த ஒன்று, என்னைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே நிறுத்தியிருக்கிறது.

அவன் ஈயம் கட்டிய தூண்டில் நரம்பை விட்டான். போய்க்கொண்டே இருந்தது. நின்றது. அவன் அதை லேசாகத் தூக்கிப் போட்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நரம்பை என் கையில் கொடுத்தான்.

"தூக்கிப் போட்டுப் பாரு."

தூக்கிப் போட்டேன். அடியிலிருந்து 'டக்' என்று ஒரு தட்டு விரலுக்கு வந்தது. மறுபடியும் போட்டேன். டக். கேம் விளையாடும்போது ஏதாவது மோதினால் கையிலிருக்கும் கண்ட்ரோலர் அதிருமே, அதைப் போலத்தான். ஆனால் அது யாரோ எழுதி வைத்த அதிர்வு. இது கல்.

"பாராக்கும்" என்றான். உட்கார்ந்துவிட்டான். "அப்பாக்க பாராக்கும் மக்கா."

கையால் முகத்தைத் துடைத்தான், கடல் தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம். நான் துடைக்கக்கூட இல்லை. இரண்டு மணி நேரத்தில் ஒன்பது கலவா மீன் ஏறியது. ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். அதில் ஒன்றை நான் பிடித்தேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அவன் நரம்பைப் பிடித்துக்கொண்டு கூட இருந்தான் என்பதை இப்போதுதான் முதல் முறையாக ஒத்துக்கொள்கிறேன்.

கரைக்கு வந்து வள்ளத்தை ஏற்றியதும், தன் ஜிபிஎஸ்ஸில் இடம் பதிந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தான். இந்த முறை குறித்துவைத்திருந்தான். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மொபைல்ல உள்ளத அழி மக்கா."

அவன் கேட்டதில் தப்பே இல்லை. பார் அவனுடையது. ஆனால் கேம் விளையாடுகிறவன் சேவ் செய்து வைத்ததை அழிக்கவே மாட்டான். முப்பது வருடத்துக்கு முந்தைய பிளாப்பிகூட என் அலமாரியில் இருக்கிறது. அவன் கண் முன்னால் மொபைலில் இருந்ததை அழித்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தேன். நான் விளையாடிய விளையாட்டிலேயே இதுதான் பெரிய வெற்றி, அதற்கு இன்று என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை.

அவன் பிளேன் ஏறவில்லை. விசாவின் இரண்டாவது காப்பி என் கடையிலேயே கிடக்கிறது, வாங்கிப் போக வரவில்லை. நன்றாக மீன் கிடைக்கும் நாளில் குன்னத்துகாலுக்கு ஒரு கலவா வந்து சேரும். என் மனைவி அதை வெட்டும்போது கேமைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. அவன் மனைவி கேட்டதற்காக, கம்ப்யூட்டரில் தெரிந்த அந்தப் படத்தைப் பெரிதாக பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து கொடுத்தேன். வாடகை வீட்டில் இயேசு படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு மணலும் கூரைகளும்தான் தெரியும். அவள் நீலத்தைத் தொட்டுக் காட்டுவாள்.

சில மாதங்களுக்கு முன் கேமுக்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. புதிய சாட்டிலைட் படங்கள். ஒரு மாலை பொழியூர் மேலே போனேன். மணல் இல்லை. வீடுகள் இல்லை. தார்ப்பாய் இருந்த இடத்தில் நீலமாகக் கடல். மனசு கேட்காமல் அவனுக்கு போன் போட்டு, வீடு போயிடுச்சுடா என்றேன். அந்தப் பக்கம் எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் சிரித்தான்.

"ஒனக்க கம்ப்யூட்டருக்கு இப்பம்தான் சேதி வந்து சேந்துதா? போட்டும் மக்கா. நான் தார்ப்பாய்க்கு நேரயாக்கும் நிக்கேன்."

அந்தக் கணிச்சத்துக்கு இப்போது அவன் வைத்திருக்கும் பெயர் தார்ப்பாய். கடலில் நின்று, இல்லாத வீட்டை, அவள் ஏணி வைத்து ஏறிக் கட்டிய நீலத்தை, மனதுக்குள் மலை இடுக்குக்குக் கீழே வைத்துப் பார்க்கிறான். இன்னும் எத்தனை மிஷின் வருமோ, எத்தனை முறை நான் வாயைப் பிளப்பேனோ தெரியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் கம்ப்யூட்டரை ஆன் செய்து மவுசில் கை வைக்கும்போது, ஆழத்தில் கிடக்கும் அந்தக் கல் ஒரு தடவை என் விரலைத் தட்டிவிட்டுத்தான் போகிறது.